கர்ப்பகாலச் சர்க்கரைக்குச் சைவச் சமையல்: அரிசியை அளந்து, பருப்பைக் கூட்டி

கர்ப்பகாலச் சர்க்கரை என்று தெரிந்ததும் பல வீடுகளில் முதலில் நடப்பது, சாப்பாட்டைக் குறைப்பது. மூன்று இட்லி ஒன்றாகிறது, மதியச் சோறு நாலு வாயாகிறது, இரவில் ஒரு தம்ளர் கஞ்சியோடு படுத்துவிடுகிறார்கள். இப்படிச் செய்தால் சர்க்கரை ஒழுங்காகக் குறையாது. பசியில் உடம்பு கொழுப்பை எரித்துக் கீட்டோன் என்ற அமிலப் பொருளை உண்டாக்கும், வயிற்றுப் பிள்ளைக்கு அது நல்லதல்ல. கர்ப்பிணிக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 175 கிராம் மாவுச்சத்தும் சுமார் 70 கிராம் புரதமும் தேவை. சைவச் சமையலறையில் மாவுச்சத்துக்குப் பஞ்சமில்லை. குறைவது புரதம்தான். சோற்றுக்குப் பருப்பு தொட்டுக்கொள்வதை மாற்றி, பருப்புக்குச் சோறு தொட்டுக்கொள்ளும் தட்டாக ஆக்க வேண்டும். கீழே சொல்லும் எல்லாமே அந்த மாற்றத்தைச் செய்யும் வழிகள்.

தமிழ்நாட்டில் இந்தப் பரிசோதனை பெரும்பாலும் எப்படி நடக்கிறது என்பது பலருக்கும் தெரிந்திருக்கும். 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்து 5 முதல் 10 நிமிடத்துக்குள் குடிக்கச் சொல்வார்கள், சாப்பிட்டுவிட்டு வந்திருந்தாலும் பரவாயில்லை. 2 மணி நேரம் கழித்து எடுக்கும் ரத்தத்தில் 140 மி.கி. அல்லது அதற்கு மேல் இருந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை. அதன் பிறகு வீட்டில் பிடித்து நிறுத்த வேண்டிய எண்கள் இரண்டு. காலையில் வெறும் வயிற்றில் 95-க்குக் கீழே, சாப்பிட்டு 2 மணி நேரத்தில் 120-க்குக் கீழே. சில மருத்துவர்கள் 1 மணி நேரத்தில் 140-க்குக் கீழே என்று பார்ப்பார்கள். உங்கள் மருத்துவர் எதைச் சொன்னாரோ அதை வைத்துக்கொள்ளுங்கள். இன்சுலின் போடுகிறவர்கள் கீழே உள்ள அளவுகளை மருத்துவரிடம் காட்டிவிட்டுத்தான் மாற்ற வேண்டும்.

கிளைசிமிக் இண்டெக்ஸை எப்படிப் பார்ப்பது

கிளைசிமிக் இண்டெக்ஸ் (ஜி.ஐ.) என்பது ஒரு உணவு ரத்தச் சர்க்கரையை எவ்வளவு வேகமாக ஏற்றுகிறது என்று காட்டும் எண். ஜி.ஐ. 55 வரை குறைவு, 56 முதல் 69 வரை நடுத்தரம், 70-ம் அதற்கு மேலும் அதிகம். பட்டியலை மனப்பாடம் செய்வதில் பெரிய பயன் இல்லை. ஒவ்வொரு உணவையும் 50 கிராம் மாவுச்சத்து கிடைக்கும் அளவில் தனியாகச் சாப்பிட வைத்து அளந்த எண் அது. நாம் யாரும் சோற்றைத் தனியாகச் சாப்பிடுவதில்லை. அதே அரிசி குழைந்தால் ஏறும், மாவாக அரைத்தால் ஏறும், கஞ்சியாகக் கரைத்தால் இன்னும் வேகமாக ஏறும். பக்கத்தில் பருப்பும் நார்க்காயும் கொஞ்சம் எண்ணெயும் இருந்தால் ஏற்றம் மெதுவாகும். அடுப்படியில் பார்க்க வேண்டியவை மூன்று: தானியம் எவ்வளவு, அது எவ்வளவு மசிந்திருக்கிறது, கூட என்ன இருக்கிறது.

இதனால்தான் கேழ்வரகுக் கஞ்சி பலரை ஏமாற்றுகிறது. கேழ்வரகில் கால்சியம் நிறைய, கர்ப்பிணிக்கு அது வேண்டியதுதான். ஆனால் சன்னமாக அரைத்த மாவைத் தண்ணீரில் காய்ச்சிக் குடித்தால், மென்று செரிக்க வேண்டிய வேலை எதுவுமே குடலுக்கு மிச்சமில்லை. 30 கிராம் மாவில் இருக்கும் 20 கிராம் மாவுச்சத்தும் விறுவிறுவென்று ரத்தத்தில் ஏறிவிடும். அதே மாவை இரண்டு கைப்பிடி முருங்கைக்கீரை, வெங்காயம் போட்டுப் பிசைந்து அடையாகத் தட்டி, ஒரு கிண்ணம் தயிரோடு சாப்பிட்டால் வீட்டில் சர்க்கரை பார்க்கும் மீட்டர் வேறு எண்ணைக் காட்டும். தினை, சாமை, வரகு, குதிரைவாலிக்கும் இதே கணக்கு. அவை நல்ல தானியங்கள்தான், ஆனாலும் தானியங்கள். 100 கிராமில் 60 முதல் 70 கிராம் வரை மாவுச்சத்து உண்டு. ‘சிறுதானியம்தானே’ என்று இரண்டு தட்டு சாப்பிட்டால் அரிசிச் சோறு செய்வதைத்தான் அதுவும் செய்யும்.

கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை, பனங்கற்கண்டு, தேன் எல்லாம் சர்க்கரையே. கருப்பட்டி போட்ட உளுந்தங்களி இடுப்புக்கு வலு என்று அன்போடு கிண்டித் தருவார்கள். உளுந்தும் நல்லெண்ணெயும் இருக்கட்டும், கருப்பட்டிதான் வேண்டாம். உப்பும் மிளகும் போட்ட உளுந்தங்களியும் ருசியாகவே இருக்கும்.

அளக்கும் பாத்திரம்

சமையலறைத் தராசு ஒன்று வாங்கிவிடுங்கள். முடியாவிட்டால், ரைஸ் குக்கரோடு வரும் 180 மி.லி. கப் போதும். அதில் கால் கப் அரிசி சுமார் 36 கிராம். பழைய ஆழாக்கு வீட்டில் இருந்தால் அதில் காலும் ஏறக்குறைய அதே அளவு. வெந்ததும் 100 கிராம் சோறாகும், மாவுச்சத்து சுமார் 28 கிராம். கர்ப்பிணியின் பங்கை முதல் ஒரு வாரம் தனிக் கிண்ணத்தில் வேக வைத்துப் பாருங்கள். எல்லோருக்கும் சேர்த்து வடித்துவிட்டு ‘ரெண்டு கரண்டி’ என்று போட்டால், போடுகிறவர் கை மாறும்போதெல்லாம் அளவும் மாறும். ஒரு வாரம் கழித்து அந்தக் கிண்ணத்துச் சோறு தட்டில் எவ்வளவு இடம் பிடிக்கும் என்பது கண்ணுக்குப் பழகிவிடும்.

ஒரு நாளைக்கு மூன்று வேளைச் சாப்பாடு, இடையில் மூன்று சிறு தீனி. மாவுச்சத்தைக் காலையில் 30 கிராம், மதியம் 50, இரவு 45, மூன்று சிறு தீனிக்கும் சேர்த்து 50 என்று பிரித்தால் 175 வந்துவிடும். காலைக்கு மட்டும் ஏன் குறைவு என்றால், விடிகாலையில் சர்க்கரையை ஏற்றும் கார்ட்டிசால் போன்ற ஹார்மோன்கள் உச்சத்தில் இருக்கும். நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் ஏற்கெனவே இன்சுலினை வேலை செய்யவிடாமல் தடுத்துக்கொண்டிருக்கும் உடம்பில், காலை 8 மணி இட்லி ஏற்றுகிற அளவுக்கு அதே இட்லி மாலையில் ஏற்றாது.

காலை டிபன்: கஷ்டமான வேளை

நம் டிபன் வரிசையைப் பாருங்கள். இட்லி, தோசை, பொங்கல், இடியாப்பம், ரவை உப்புமா, சேமியா, எல்லாமே அரைத்த, உடைத்த அல்லது குழைத்த தானியம். நடுத்தர அளவு இட்லி ஒன்றில் 10 முதல் 12 கிராம் மாவுச்சத்து இருக்கும். மூன்று இட்லியும் தண்ணியான சாம்பாரும் என்றாலே காலைக் கணக்கு தாண்டிவிடும், புரதமோ பேருக்குத்தான் இருக்கும். வெண்பொங்கலில் நெய் இருப்பதால் ஏற்றம் தாமதமாகும். 1 மணி நேரத்தில் நல்ல எண் காட்டி, 2 மணி நேரத்துக்குப் பிறகும் இறங்காமல் நிற்கும். கர்ப்பம் முடியும்வரை பொங்கலைக் காலையிலிருந்து நகர்த்திவிடுவதே நல்லது.

இந்த வேளைக்கு நம்பிச் செய்யக்கூடியது பச்சைப்பயறு அடை.

முழுப் பச்சைப்பயறு 200 கிராம் (240 மி.லி. பெரிய கப்பில் ஒன்று), இட்லி அரிசி 30 கிராம் (2 மேசைக்கரண்டி), பச்சை மிளகாய் 2, இஞ்சி ஒரு அங்குலத் துண்டு, சீரகம் 1 தேக்கரண்டி, பெருங்காயம் கால் தேக்கரண்டி, உப்பு. பயறையும் அரிசியையும் சேர்த்தே 6 முதல் 8 மணி நேரம் ஊற வையுங்கள். இரவு படுக்கும்முன் ஊறப் போட்டால் காலையில் அரைக்கலாம். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு இருமுறை கழுவுங்கள், வாயுத் தொல்லை குறையும். மிக்ஸியில் இஞ்சி, மிளகாய், சீரகம், உப்பை முதலில் ஒரு சுற்று சுற்றி, பிறகு பயறைப் போட்டுத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு அரையுங்கள். விரலுக்கு நடுவே தேய்த்தால் ரவை போல நெருடும்போது நிறுத்திவிட வேண்டும். வெண்ணெய் மாதிரி அரைத்தால் தோசை அழகாக வரும், சர்க்கரையும் வேகமாக ஏறும். பதம் இட்லி மாவு போல இருக்கட்டும். புளிக்க வைக்கத் தேவையில்லை.

60 மி.லி. பிடிக்கும் கரண்டியால் ஊற்றினால் 10 அடை வரும். ஒன்றில் மாவுச்சத்து 11 முதல் 12 கிராம், புரதம் ஏறக்குறைய 5 கிராம். கல் நன்றாகக் காய்ந்ததும் தண்ணீர் தெளித்துத் துடைத்து, தீயைக் குறைத்து, மாவை ஊற்றி நடுவிலிருந்து பரப்புங்கள். அரை தேக்கரண்டி நல்லெண்ணெயைச் சுற்றி விட்டு, பொடியாக நறுக்கிய வெங்காயமும் கீரையும் மேலே தூவி மூடி வையுங்கள். ஓரம் கிளம்பி, மேல்பக்கம் பச்சை மாவின் பளபளப்பு போனதும் திருப்பிப் போடுங்கள். மூடாமல் சுட்டால் நடுவில் பச்சை வாடை நிற்கும், குமட்டல் உள்ளவர்களுக்கு அது ஒத்துக்கொள்ளாது.

இரண்டு அடை, அதன் மேல் உதிர்த்த பன்னீர் 50 கிராம், நிலக்கடலைச் சட்னி 2 மேசைக்கரண்டி. மாவுச்சத்து 30-க்குள் அடங்கும், புரதம் 18 கிராமைத் தாண்டும். 11 மணிக்கு முன் பசிக்காது.

அடை பிய்ந்துகொண்டு வருகிறதென்றால் மாவில் தண்ணீர் கூடிவிட்டது. அப்போது கை தானாக அரிசி மாவு டப்பாவுக்குப் போகும். இரண்டு கரண்டி அரிசி மாவு போட்டால் அடை திருந்தும், கணக்கு கெட்டுவிடும். பதிலாக ஒரு மேசைக்கரண்டி கடலை மாவைக் கரைத்துச் சேர்த்து, அடையைச் சிறியதாக வார்த்துக்கொள்ளுங்கள். மாவு ஃபிரிட்ஜில் இரண்டு நாள் தாங்கும். மூன்றாம் நாள் மாவைக் கர்ப்பிணிக்குக் கொடுக்க வேண்டாம். சட்னியிலும் ஒரு விஷயம் இருக்கிறது. வெள்ளையாகத் தண்ணியாக வரும் தேங்காய்ச் சட்னியில் பாதிக்கு மேல் பொட்டுக்கடலை இருக்கும், 20 கிராம் பொட்டுக்கடலையில் சுமார் 11 கிராம் மாவுச்சத்து. அடையை எண்ணிவிட்டுச் சட்னியை எண்ணாமல் விடுவது அடிக்கடி நடக்கும் தப்பு.

இட்லி இல்லாமல் முடியாது என்கிறவர்கள் மாவின் கணக்கை மாற்றலாம். வழக்கமான நாலுக்கு ஒன்றை விட்டு, இட்லி அரிசி ஒரு பங்கு, உளுந்து ஒரு பங்கு, முழுப் பச்சைப்பயறு ஒரு பங்கு. இட்லி சற்றுத் தட்டையாகத்தான் வரும், நிறமும் மங்கும். இரண்டு இட்லி, கெட்டிச் சாம்பார் ஒரு கிண்ணம், அதற்கு முன் ஒரு கிண்ணம் வெந்த காய். இட்லிக்குப் பின் காய் அல்ல, முன்னால். காயும் புரதமும் முதலில் போய்விட்டால் பின்னால் வரும் மாவுச்சத்து மெதுவாகத்தான் ஏறும்.

காலைக் காபியைச் சர்க்கரை இல்லாமல் குடிக்கலாம், ஆனால் பாலையும் எண்ண வேண்டும். 200 மி.லி. பாலில் சுமார் 10 கிராம் பால் சர்க்கரை இருக்கிறது. டிபனோடு சேர்த்துக் குடிக்காமல், அரை தம்ளராகத் தனியாகக் குடியுங்கள். சாப்பாட்டோடு காபி, டீ குடித்தால் கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது. இரும்பு மாத்திரையையும் கால்சியம் மாத்திரையையும் ஒரே நேரத்தில் போடக் கூடாது. சைவம் சாப்பிடுகிறவர்கள் பி12 பற்றி மருத்துவரிடம் தனியாகக் கேட்டுவிடுங்கள்.

மதியச் சாப்பாடு

இலையில் முதலில் சோறு, சாம்பார் என்பதுதான் நம் வழக்கம். இந்த மாதங்களில் அதைத் திருப்பிப் போட வேண்டும். முதலில் பொரியல், பிறகு கூட்டு, கடைசியில் சோறு, அதற்கு மேல் தயிர்.

கூட்டுதான் இந்தத் தட்டின் நடு. அவரை, புடலை, சுரை, பீர்க்கங்காய், வாழைத்தண்டு, கீரை எதுவானாலும் நறுக்கியது 150 கிராம். பாசிப்பருப்பு 25 கிராம், அதாவது குவித்த இரண்டு மேசைக்கரண்டி. பருப்பைத் தனியாக மலர வேக விடுங்கள், குழைய வேண்டாம். காயை மஞ்சள், உப்புப் போட்டுக் கொஞ்சம் கடிபடும் பதத்தில் இறக்கிப் பருப்போடு சேர்த்து, ஒரு மேசைக்கரண்டி தேங்காய், சீரகம், ஒரு மிளகாய் அரைத்து விட்டு ஒரு கொதி. கடுகு, கறிவேப்பிலை தாளிக்க ஒரு தேக்கரண்டி எண்ணெய். கூட்டு நீர்த்துப்போனால் அரிசி மாவு கரைத்துவிடும் பழக்கம் பல வீடுகளில் உண்டு, சாம்பாரிலும் அப்படித்தான். அதை நிறுத்திவிட்டு, வெந்த பருப்பில் ஒரு கரண்டியை மசித்து விடுங்கள். கெட்டியும் ஆகும், புரதமும் சேரும்.

பொரியலில் புரதத்தைக் கூட்ட எளிய வழி சோயா உருண்டை. 15 கிராமை வெந்நீரில் பத்து நிமிடம் ஊற வைத்து, இரண்டு முறை தண்ணீர் மாற்றிப் பிழிந்து, பொடியாக நறுக்கி, முட்டைக்கோஸ் அல்லது பீன்ஸ் பொரியலோடு வதக்குங்கள். 7 கிராம் புரதம் வந்துவிடும். பிழியாமல் போட்டால்தான் அந்த வாடை. சரியாகப் பிழிந்து, சோம்பும் பூண்டும் தட்டிப் போட்டால் பொரியலில் சோயா இருப்பதே தெரியாது.

இவற்றோடு குக்கர் கப்பில் கால் கப் அரிசியை வடித்த சோறு, ரசம், 100 மி.லி. தயிர். மொத்த மாவுச்சத்து 50-ஐ ஒட்டி நிற்கும். கூட்டு இருக்கும் நாளில் கெட்டிச் சாம்பாரையும் சேர்த்தால் பருப்பின் மாவுச்சத்து ஏறிவிடும், ஏதாவது ஒன்று போதும். அரிசி புழுங்கலாக இருக்கட்டும். பச்சரிசியை விட அது மெதுவாகச் செரிக்கும். உதிரியாக வடியுங்கள். குக்கரில் இரண்டு விசில் கூட விட்டுக் குழைத்த சோறு, அளவு ஒன்றாகவே இருந்தாலும் வேறு எண் காட்டும்.

உருளை, சேனை, சேப்பங்கிழங்கு, மரவள்ளி, பச்சைப் பட்டாணி, சோளம் இவை காய் கணக்கில் வராது. இவை இருக்கும் நாளில் சோற்றைக் குறைக்க வேண்டும். காரட், பீட்ரூட்டுக்குப் பயப்பட வேண்டாம். பொரியலாகச் சாப்பிடலாம், ஜூஸாக மட்டும் வேண்டாம்.

மிச்சச் சோற்றை ஆறவைத்துச் சாப்பிட்டால் சர்க்கரை குறைவாக ஏறும் என்பதில் உண்மை உண்டு. ஆறும்போது மாவுச்சத்தின் ஒரு பகுதி செரிக்காத வகையாக மாறுகிறது. ஆனால் அதற்காகச் சோற்றை இரவு முழுக்க வெளியில் வைத்துக் கர்ப்பிணிக்குக் கொடுக்காதீர்கள். சமைத்த சோறு அறை வெப்பத்தில் கிடந்தால் பாக்டீரியா பெருகும், பிறகு சூடாக்கினாலும் அதன் நஞ்சு போகாது. முளைகட்டிய பயறும் அப்படித்தான், பச்சையாகச் சாப்பிடாமல் ஆவியில் வேக வைத்தே சாப்பிட வேண்டும்.

இரவு

சப்பாத்திக்கு மாறினால் போதும் என்று நினைப்பவர்கள் ஒரு தடவை மாவு உருண்டையை நிறுத்துப் பார்க்க வேண்டும். 25 கிராம் மாவில் செய்த சப்பாத்தி உள்ளங்கையைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். அதில் மாவுச்சத்து 16 முதல் 17 கிராம். கடைச் சப்பாத்தி ஒன்றே இரண்டுக்குச் சமமாக இருக்கும். அந்தச் சிறிய அளவில் இரண்டு சப்பாத்தி, 60 கிராம் பன்னீரும் பாலக்கும் அல்லது பன்னீரும் காளானும் போட்ட மசாலா, வெள்ளரி ஒரு கிண்ணம். கடையில் வாங்கும் பன்னீர் உறையிட்டதாக, தேதி பார்த்து வாங்கியதாக இருக்கட்டும். வீட்டில் காய்ச்சிய பாலைத் திரித்துச் செய்தால் இன்னும் நல்லது.

மாற்றாகச் சம்பா கோதுமை ரவை உப்புமா. ரவை 40 கிராம், அதாவது பெரிய கப்பில் கால். காய் அதைப் போல் நாலு மடங்கு எடையில். ரவையை வாசம் வரும்வரை வறுத்துக்கொள்ளுங்கள், வறுக்காமல் போட்டால் கூழாகிவிடும். ரவையின் அளவைப் போல் இரண்டரை மடங்கு தண்ணீர், 15 கிராம் நிலக்கடலை. தொட்டுக்கொள்ளச் சட்னிக்குப் பதில் ஒரு கிண்ணம் கெட்டிப் பாசிப்பருப்பு.

இரவுச் சாப்பாடு 8 மணிக்குள் முடியட்டும். சாப்பிட்டதும் படுக்காமல், 10 முதல் 15 நிமிடம் மொட்டை மாடியிலோ கூடத்திலோ நடங்கள். வெகுவேக நடை தேவையில்லை. தசை வேலை செய்யும்போது இன்சுலின் கூட இல்லாமலே குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும். மூன்று வேளைக்கும் இதைச் செய்தால் மீட்டரில் வித்தியாசம் தெரியும். நடக்கக் கூடாது, படுக்கையில் இருங்கள் என்று மருத்துவர் சொல்லியிருந்தால் மட்டும் இதை விட்டுவிடுங்கள்.

இடைத்தீனி

11 மணிக்குக் கொண்டைக்கடலைச் சுண்டல். காய்ந்த கடலை 30 கிராம், வெந்தால் ஒரு சின்னக் கிண்ணம். மாவுச்சத்து 12 கிராம், புரதம் 6. நாலு மணிக்கு அரைக் கொய்யாவும் வறுத்த நிலக்கடலை ஒரு கைப்பிடியும், அல்லது மோரும் கடலையும். பழத்தைத் தனியாகவோ சாப்பாட்டோடு சேர்த்தோ சாப்பிடாமல், இடைத்தீனியாகக் கொட்டைகளோடு சாப்பிடுவது நல்லது. ஜூஸ் எந்தப் பழத்திலும் வேண்டாம். மாரி, ரஸ்க், ‘சுகர் ஃப்ரீ’ பிஸ்கட் எல்லாம் மைதா. சர்க்கரை இல்லை என்று அட்டையில் போட்டிருப்பது மாவுச்சத்து இல்லை என்று அர்த்தமல்ல.

படுக்கும்முன் 200 மி.லி. பால், ஆறு பாதாம். இதைத் தேவையில்லாதது என்று விட்டுவிடாதீர்கள். இரவுச் சாப்பாட்டுக்கும் காலை டிபனுக்கும் நடுவே 12 மணி நேரம் பட்டினி கிடந்தால், கல்லீரல் தானே குளுக்கோஸை வெளியே விட்டு வெறும் வயிற்று எண்ணை ஏற்றும்.

வளைகாப்பு நாள்

கர்ப்பகாலச் சர்க்கரை பெரும்பாலும் 24 முதல் 28 வாரத்தில் தெரியவரும். அடுத்த வாரமே வளைகாப்பு நிற்கும், ஐந்து வகைச் சித்ரான்னத்தோடு. புளியோதரை, எலுமிச்சை, தேங்காய், தயிர்சாதம், சர்க்கரைப் பொங்கல். எதையும் தொடாதே என்று சொல்லிப் பெண்ணை உட்கார வைப்பது அன்றைய நாளுக்கு அழகல்ல. வீட்டில் கிளம்பும்முன் ஒரு கிண்ணம் சுண்டலும் வெள்ளரியும் சாப்பிட்டுவிட்டு வரட்டும். நாலு சாதத்திலும் இரண்டிரண்டு ஸ்பூன், எல்லாம் சேர்ந்து 100 கிராம். சர்க்கரைப் பொங்கல் விரல் நுனியில் ஒரு ருசி. ஆளுக்கு ஒரு வாய் ஊட்டும் வழக்கம் இருந்தால், மூத்த சுமங்கலி ஒருவர் மட்டும் ஊட்டட்டும், மற்றவர்கள் வளையல் போட்டு வாழ்த்தட்டும். இதை அம்மாவோ மாமியாரோ முன்கூட்டியே நாலு பேரிடம் சொல்லி வைத்துவிட்டால், பெண் ஒவ்வொருவரிடமும் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

மீட்டரைப் படிப்பது

நேரத்தை முதல் வாயிலிருந்து கணக்கிட வேண்டும். அரை மணி நேரம் சாப்பிட்டுவிட்டு முடித்த நேரத்திலிருந்து எண்ணினால் எண் குறைவாகத் தெரியும். குத்தும்முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடையுங்கள். கொய்யா நறுக்கிய விரலில் ஒட்டியிருக்கும் சாறே போதும், 110 இருக்கும் ரத்தம் அதைவிட எவ்வளவோ கூடக் காட்டும், அந்த எண்ணைப் பார்த்துப் பயந்து மதியச் சோற்றை விட்டுவிடுவார்கள். ஈரக் கையும் ஆகாது, ரத்தம் நீர்த்துவிடும்.

நோட்டில் எண்ணை மட்டும் எழுதாதீர்கள். ‘அடை 2, பன்னீர், கடலைச் சட்னி, 15 நிமிட நடை, 112’ என்று எழுதுங்கள். ஒரு உணவு 120-ஐத் தாண்டினால் உடனே அதைத் தள்ளிவிட வேண்டாம். மறுநாள் அதே உணவில் ஒன்றே ஒன்றை மாற்றுங்கள்: ஒரு அடை குறைத்துப் பன்னீர் கூட்டுங்கள், அல்லது காயை முதலில் சாப்பிடுங்கள். இரண்டு தடவையும் தாண்டினால் அந்த உணவு அந்த வேளைக்கு உங்கள் உடம்புக்குச் சரியில்லை. பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு ஒத்துக்கொண்ட வரகுச் சோறு உங்களுக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம், அதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

இரண்டு வாரம் இப்படிச் சாப்பிட்டும் சாப்பாட்டுக்குப் பிந்தைய எண் 120-க்கு மேலேயே நின்றால், அல்லது வெறும் வயிற்றில் 95-க்குக் கீழே வரவே மறுத்தால், மருத்துவர் மெட்ஃபார்மின் மாத்திரையோ இன்சுலின் ஊசியோ தொடங்குவார். குறிப்பாக வெறும் வயிற்று எண் பலருக்குச் சமையலுக்குக் கட்டுப்படாது. இரவு முழுக்க நஞ்சுக்கொடி ஹார்மோன்கள் செய்யும் வேலை அது, சமைத்தவர் தப்போ சாப்பிட்டவர் தப்போ இல்லை. ஊசியைத் தவிர்ப்பதற்காக இரவுச் சாப்பாட்டை விட்டுவிடுவது மட்டும் கூடவே கூடாது. ஊசி வந்த பிறகும் தட்டு இதே தட்டுதான்.

இன்சுலின் போடுகிறவர்களுக்குக் கை நடுக்கம், வியர்வை, படபடப்பு வந்து மீட்டர் 70-க்குக் கீழே காட்டினால் சுண்டல் உதவாது. மூன்று தேக்கரண்டி குளுக்கோஸ் அல்லது சர்க்கரையை அரை தம்ளர் தண்ணீரில் கரைத்து உடனே குடிக்க வேண்டும். 15 நிமிடம் கழித்து மறுபடி பார்த்து, ஏறவில்லை என்றால் இன்னொரு முறை. ஏறியதும் அடுத்த வேளைச் சாப்பாட்டைத் தள்ளிப்போடாமல் சாப்பிடுங்கள். குளுக்கோஸ் பொடி ஒரு சின்ன டப்பாவில் படுக்கை அருகிலும் கைப்பையிலும் இருக்கட்டும்.

பிரசவம் ஆன மறுநாளே பெரும்பாலும் எண் இறங்கிவிடும். ஆனாலும் 6 வாரம் கழித்து 75 கிராம் குளுக்கோஸ் பரிசோதனையை மறுபடி செய்துகொள்ள வேண்டும். கைக்குழந்தையோடு அலைய முடியாமல் அதிகம் பேர் விட்டுவிடுவது இதைத்தான். குழந்தைக்கு 6-வது வாரத் தடுப்பூசி போடப் போகும் நாளிலேயே இதையும் குறித்துவைத்துக்கொண்டு, இரவு 10 மணிக்குப் பிறகு எதுவும் சாப்பிடாமல் காலையில் வெறும் வயிற்றோடு போய்விடுங்கள்.